ரேம் 90% காட்டுதா? ஃபார்மேட் அடிக்கறதுக்கு முன்னாடி ரெண்டே ரெண்டு நாள் பொறுங்க

பாலக்கோட்டுல இருக்கற எங்க அக்கா வீட்டு கம்ப்யூட்டர்தான் இதை எழுத வச்சுது. மாமா தக்காளி மண்டி கணக்கை அதுலதான் எக்செல்ல போடுவாரு, பையன் டிஎன்பிஎஸ்சிக்கு படிக்கறதும் அதுலதான். நாலு மாசமா பொட்டி ஸ்லோவாகி சுத்திக்கிட்டே இருந்திருக்கு. முதல்ல கடைக்காரர் ரேம் பத்தலன்னு சொல்லி 4 ஜிபியை 8 ஜிபி ஆக்கினாரு, ரெண்டு வாரம்தான் நல்லா ஓடுச்சு. அப்புறம் வைரஸ்னு சொல்லி ஃபார்மேட், அதுக்கப்புறம் இன்னொரு ஃபார்மேட். ரெண்டாவது ஃபார்மேட்டுல மாமாவோட ஒரு வருஷ மண்டி கணக்கு போயிருச்சு, காப்பி எடுத்து வைக்கணும்னு யாரும் அவர்கிட்ட சொல்லல. அதுக்கப்புறம்தான் அக்கா போன் பண்ணுச்சு, "கண்ணு, ஒரு ஞாயித்துக்கெழம வந்து பாத்துட்டு போடா, மறுபடியும் 90ன்னு காட்டுதாம்"னு.

நான் கிருஷ்ணகிரியில இருந்து போய் பார்த்தேன். கோளாறு ரேம்லயும் இல்ல, வைரஸும் இல்ல, என்னன்னு கீழ சொல்றேன். ஆனா கண்டுபிடிக்க தேவைப்பட்டது ஒரு நோட்டுப் பேப்பரும் ரெண்டு நாள் பொறுமையும்தான். அதனால யாராவது ஃபார்மேட் பண்ணலாமான்னு கேட்டா முதல்ல இந்த வரிசையில பாருங்கன்னுதான் சொல்வேன். விண்டோஸ் 10, 11 ரெண்டுக்கும் பொருந்தும், மெனு பேர் மட்டும் அங்கங்க கொஞ்சம் மாறும்.

முதல்ல அந்த பர்சென்ட் என்னன்னு புரிஞ்சுக்கங்க

கேழ்வரகு காயப்போடற களத்தை நெனச்சுக்கங்க. களம்தான் ரேம், மூட்டை அடுக்கற ரூம்தான் ஹார்ட் டிஸ்க். வேலை நடக்கறது எல்லாம் களத்துலதான். களம் நிறைஞ்சுபோச்சுன்னா விண்டோஸ் என்ன பண்ணும்னா, இப்போதைக்கு யாரும் தொடாத தானியத்தை அள்ளி மூட்டை கட்டி ரூம்ல போடும், வேணும்ங்கறப்ப திரும்ப எடுத்துட்டு வந்து கொட்டும். இப்படி அள்ளறதும் கொட்டறதுமே வேலையா போயிருச்சுன்னா அப்பதான் மவுஸ் நகராம நிக்கும், டிஸ்க் லைட் விடாம எரியும். நம்மளை படுத்தறது இதுதான், 70, 80ங்கற நம்பர் இல்ல.

8 ஜிபி மெஷின்ல விண்டோஸ் 11 சும்மா ஆன் ஆகி நின்னாலே 3, 4 ஜிபி எடுத்துக்கும். அதோட ஒரு பிரவுசரும் ஒரு எக்செல்லும் தொறந்தா 70% தாண்டறது இயல்பு. காலியா கெடக்கற களத்தால யாருக்கும் பிரயோஜனம் இல்ல, அதனால அடிக்கடி தொறக்கற ஃபைலை விண்டோஸ் முன்கூட்டியே கொண்டுவந்து வச்சிருக்கும், அதுக்கு பேர் கேச்ட். வேற புரோகிராம் இடம் கேட்டா அது உடனே விலகிக்கும், அதை காலி பண்ண நீங்க ஒண்ணுமே செய்ய வேண்டாம், பெரும்பாலும் அது அந்த பர்சென்ட்லயும் சேராது. 80% காட்டுது ஆனா எல்லாம் சட்டுனு தொறக்குதுன்னா, இதோட மூடி வச்சுட்டு உங்க வேலைய பாருங்க.

ஷட்டவுன் வேற, ரீஸ்டார்ட் வேற

நிறைய பேருக்கு தெரியாத விஷயம் இது. அக்கா பையன் என்கிட்ட "மாமா, தினம் ராத்திரி ஆஃப் பண்ணிட்டுதான் தூங்கறேன்"னான், பொய் இல்ல, நிஜமாவே ஆஃப் பண்ணியிருக்கான். ஆனா டாஸ்க் மேனேஜர்ல (தொறக்கற வழி கீழ இருக்கு) பெர்ஃபார்மன்ஸ் போய் சிபியு பக்கத்துல அப் டைம், அதாவது எவ்ளோ நேரமா ஓடுதுங்கற கணக்கு பார்த்தா 11 நாள்னு இருந்துச்சு. காரணம் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப், விண்டோஸ் 8ல வந்த வசதி. ஷட்டவுன் குடுத்தா உங்க புரோகிராம் எல்லாம் மூடிரும், ஆனா விண்டோஸோட உள் பாகமான கெர்னலையும், பிரிண்டர், வைஃபை மாதிரி சாதனங்களை இயக்கற சாஃப்ட்வேரான டிரைவர்களையும் அப்படியே டிஸ்க்ல எழுதி வச்சிட்டு மறுநாள் அதையே தூக்கிக்கிட்டு வரும். சீக்கிரம் ஆன் ஆகும்தான், ஆனா நேத்து உள்ள சேர்ந்த குப்பையும் கூடவே வரும். ரீஸ்டார்ட் குடுத்தாதான் எல்லாம் புதுசா ஆரம்பிக்கும்.

அதனால முதல் வேலை, ஸ்டார்ட் மெனுவுல ரீஸ்டார்ட். சந்தேகம் தீர்ற வரைக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை நிறுத்தி வச்சிருங்க. கண்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், அதுல பவர் பட்டன் என்ன செய்யணும்னு தேர்ந்தெடுக்கற இடம், மேல இருக்கற சேஞ்ச் செட்டிங்ஸ் லிங்க்கை அழுத்தினா கீழ டிக் எடுக்க விடும். ஒரே ஒரு தடவை மட்டும் முழு ஷட்டவுன் வேணும்னா ஷிஃப்ட் கீயை அழுத்திக்கிட்டே ஷட்டவுன் கிளிக் பண்ணுங்க, அது போதும்.

டாஸ்க் மேனேஜரை ஒழுங்கா படிக்கறது

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அழுத்துங்க. சின்ன ஜன்னலா வந்தா கீழ மோர் டீடெய்ல்ஸ் குடுங்க. புராசஸ் லிஸ்ட்ல மெமரிங்கற தலைப்பை கிளிக் பண்ணா பெருசு மேல வந்துரும். எல்லாரும் இதோட நிறுத்திக்கறாங்க, ஆனா இதுல பாதி கதைதான் இருக்கு.

மீதி பெர்ஃபார்மன்ஸ், மெமரிங்கற பக்கத்துல இருக்கு. அங்க இந்த நம்பர்களை ஒரு பேப்பர்ல எழுதுங்க: இன் யூஸ், அவைலபிள், கமிட்டட், கேச்ட், பேஜ்டு பூல், நான்-பேஜ்டு பூல். கமிட்டட்ல கோடு போட்டு ரெண்டு நம்பர் இருக்கும். முதல் நம்பர் புரோகிராமுக்கெல்லாம் விண்டோஸ் வாக்கு குடுத்திருக்கற அளவு, ரெண்டாவது குடுக்க முடிஞ்ச உச்ச அளவு, அதாவது ரேமும் பேஜ் ஃபைலும் (மூட்டை போட டிஸ்க்ல ஒதுக்கின இடம்) சேர்ந்தது. முதல் நம்பர் ரெண்டாவதை நெருங்கிருச்சுன்னா அவைலபிள்ல கொஞ்சம் காலி இருந்தாலும் மெமரி இல்லன்னு எர்ரர் வரும், புரோகிராம் தானா மூடிக்கும்.

நான்-பேஜ்டு பூல்ங்கறது கெர்னலும் டிரைவர்களும் எடுத்துக்கற இடம், இதை மூட்டை கட்டி ரூமுக்கு அனுப்பவே முடியாது, களத்துலயேதான் கெடக்கும். வீட்டு மெஷின்ல பொதுவா சில நூறு எம்பிதான் இருக்கும், அது ஜிபி கணக்குல ஏறிச்சுன்னா அங்க ஏதோ ஒழுகுதுன்னு (லீக்), அதாவது எடுத்த இடத்தை திருப்பிக் குடுக்காம சேர்த்துக்கிட்டே போகுதுன்னு அர்த்தம்.

ஒரு தடவை எழுதினா பத்தாது. ரீஸ்டார்ட் பண்ணி பத்து நிமிஷம் கழிச்சு ஒரு தடவை, அப்புறம் வழக்கம்போல வேலை பார்த்துக்கிட்டே ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவைன்னு சாயங்காலம் வரைக்கும் எழுதுங்க. ஏறிட்டு இறங்குச்சுன்னா சாதாரணம். ஏறினது ஏறினபடியே போச்சுன்னா, புரோகிராமை மூடியும் இறங்கலைன்னா, அது லீக். கடைக்காரர் அஞ்சு நிமிஷத்துல சொல்ல முடியாத பதிலை இந்த பேப்பர் சொல்லும், ஏன்னா அவர் பார்க்கறப்ப மெஷின் அப்பதான் ஆன் ஆகியிருக்கும், நல்லாவே தெரியும்.

இப்ப ஒரு கூட்டல். புராசஸ் லிஸ்ட்ல மேல இருக்கற இருபது பேரோட மெமரியை தோராயமா கூட்டி இன் யூஸ் நம்பரோட வச்சு பாருங்க. ஓரளவு ஒத்துப்போச்சுன்னா (சில நூறு எம்பியில இருந்து ஒரு ஜிபி வரைக்கும் வித்தியாசம் வரலாம், அதுல தப்பில்ல) குற்றவாளி லிஸ்ட்லயே இருக்காரு, பிரவுசர்ல இருந்து ஆரம்பிங்க. ரெண்டு மூணு ஜிபி கணக்குலயே வரலைன்னா நேரா டிரைவர் பகுதிக்கு போயிருங்க.

பிரவுசர்

பத்துக்கு ஏழு எட்டு வீட்டுல நான் பார்த்தது இதுதான். குரோம் ஒவ்வொரு டேபையும் பெரும்பாலும் தனித்தனி புராசஸாதான் ஓட்டும், ஒண்ணு விழுந்தா மத்தது விழக்கூடாதுன்னு 2008ல வந்ததுல இருந்தே அப்படிதான் கட்டியிருக்காங்க. அதனால டாஸ்க் மேனேஜர்ல குரோம் பேர்ல 30 வரி தெரிஞ்சா பயந்துக்காதீங்க. எது எவ்ளோ சாப்பிடுதுன்னு பார்க்க குரோமுக்குள்ளயே தனி டாஸ்க் மேனேஜர் இருக்கு, ஷிஃப்ட்டும் எஸ்கேப்பும் அழுத்துங்க. டேப் பேர், எக்ஸ்டென்ஷன் பேர் எல்லாம் தனித்தனியா வரும்.

பையன் மெஷின்ல அதை தொறந்தா கிரிக்கெட் ஸ்கோர் காட்டற ஒரு டேப் காலையில இருந்து தொறந்தே கெடந்து 700 எம்பிக்கு மேல எடுத்திருந்துச்சு. வெளம்பரம் தானா மாறிக்கிட்டே இருக்கற பக்கங்கள் இப்படிதான் ஊதும். எக்ஸ்டென்ஷன்ல யூடியூப் டவுன்லோடு பண்றதுக்குன்னு மூணு இருந்துச்சு, ஒண்ணு கூட அவன் இப்ப யூஸ் பண்றதில்ல, எல்லாத்தையும் தூக்குனேன்.

அப்புறம் குரோம் செட்டிங்ஸ்ல பெர்ஃபார்மன்ஸ்ங்கற இடத்துல மெமரி சேவர் இருக்கும், ஆன் பண்ணுங்க. கொஞ்ச நேரம் தொடாத டேபை ரேம்ல இருந்து எறக்கிரும், கிளிக் பண்ணா திரும்ப லோடு ஆகும். ஆனா அரசு வெப்சைட்ல பாதி நிரப்பின அப்ளிகேஷன் ஃபார்ம் இருந்தா லோடு ஆகறப்ப நிரப்பினது போயிடலாம், அதனால அந்த சைட்டை எப்பவும் விழிச்சிருக்கணும்ங்கற லிஸ்ட்ல சேர்த்துருங்க. எட்ஜ் யூஸ் பண்றவங்களுக்கு கிட்டத்தட்ட இதே வேலையை ஸ்லீப்பிங் டேப்ஸ் செய்யும்.

இன்னொண்ணு, குரோமை மூடினாலும் பின்னாடி ஓடிக்கிட்டே இருக்கலாம். செட்டிங்ஸ், சிஸ்டம் போய் குரோம் மூடினப்புறமும் பேக்கிரவுண்ட் ஆப்ஸ் ஓடட்டும்ங்கற மாதிரி ஒரு வரி இருக்கும், அதை ஆஃப் பண்ணுங்க.

ஆன் ஆகறப்பவே கூட வர்றவங்க

டாஸ்க் மேனேஜர்ல ஸ்டார்ட்அப் பகுதிக்கு போய் தேவையில்லாததை டிசேபிள் பண்ணுங்க. டிசேபிள் பண்ணா அந்த புரோகிராம் அழிஞ்சு போகாது, நீங்க கூப்பிட்டாதான் வரும், அவ்ளோதான். வீடியோ மீட்டிங் ஆப், கேம் லாஞ்சர், பிரிண்டர் கூட வந்த உதவி புரோகிராம் எல்லாம் தாராளமா நிறுத்தலாம். சவுண்டு, டச்பேட் சம்பந்தப்பட்டதை விட்டுருங்க.

ரெண்டு ஆண்டிவைரஸ் இருந்தா ஒண்ணை எடுத்துருங்க, ரெண்டும் ஒரே ஃபைலை மாத்தி மாத்தி தடவிக்கிட்டு இருக்கும். விண்டோஸ் கூடவே வர்ற டிஃபெண்டர் வீட்டுக்கு போதும்ங்கறது என் அபிப்பிராயம். அது டாஸ்க் மேனேஜர்ல ஆண்டிமால்வேர் சர்வீஸ் எக்ஸிகியூட்டபிள்ங்கற பேர்ல வரும், ஸ்கேன் நடக்கறப்ப ஏறும், அப்புறம் இறங்கும், அதை வைரஸ்னு நெனச்சு அழிக்கப் பார்க்காதீங்க. பேரே புரியாத ஒண்ணு நிறைய எடுத்துச்சுன்னா ரைட் கிளிக் பண்ணி ஓபன் ஃபைல் லொகேஷன் பாருங்க. டெம்ப் ஃபோல்டருக்குள்ள எங்கயோ ஒளிஞ்சிருந்தா சந்தேகப்படலாம், டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன் ஒண்ணு ஓட்டுங்க.

ஒரு நுணுக்கம். புராசஸ் பக்கத்துல தெரியற மெமரி, இப்ப ரேம்ல இருக்கறது மட்டும்தான், மூட்டை கட்டி டிஸ்குக்கு அனுப்பினது அதுல வராது. அதனால ஒழுகற புரோகிராம் அங்க சின்னதா தெரியும். டீடெய்ல்ஸ் பகுதிக்கு போய் தலைப்பு மேல ரைட் கிளிக், செலக்ட் காலம்ஸ், அதுல கமிட் சைஸ் டிக் பண்ணுங்க, உண்மையான அளவு அங்க தெரியும்.

லிஸ்ட்லயே வராத மெமரி

அக்கா வீட்டு கதை இதுதான். இன் யூஸ் 6.6 ஜிபி, லிஸ்ட்ல இருந்ததை கூட்டினா ரெண்டரை ஜிபி கூட வரல, நான்-பேஜ்டு பூல் மட்டும் 3.6 ஜிபி. அதை பார்த்ததும்தான் எனக்கு வயிறு எரிஞ்சுது, ஏன்னா இந்த நம்பர் நாலு மாசமா அதே ஸ்கிரீன்ல கெடந்திருக்கு, பார்க்க ஒருத்தருக்கும் தோணல.

ரீஸ்டார்ட் பண்ணேன், 210 எம்பிக்கு வந்துச்சு. பையன்கிட்ட பேப்பரை குடுத்து நாள் பூரா கிளாஸ் வீடியோ பாருடான்னேன். 11 மணிக்கு 480, 1 மணிக்கு 760, 4 மணிக்கு 1.1 ஜிபி. வீடியோ நிறுத்தி ஆஃப்லைன்ல பிடிஎஃப் மட்டும் படிச்ச ஒரு மணி நேரம் ஏறவே இல்ல. ராத்திரி ஷட்டவுன், மறுநாள் காலையில ஆன் பண்ணா அதே 1.1ல இருந்து ஆரம்பிச்சுது, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் பத்தி மேல சொன்னது இதுக்குதான்.

இன்டர்நெட் ஓடறப்ப மட்டும் ஏறுதுன்னா சந்தேகம் நெட்வொர்க் டிரைவர் மேலதான் போகணும். மெஷின் பின்னாடி ஒரு யுஎஸ்பி வைஃபை டாங்கிள் சொருகியிருந்துச்சு, கூட ஒரு சிடியில வந்த டிரைவர். அதை கழட்டி வச்சிட்டு, ரீஸ்டார்ட் பண்ணி, போனை கேபிள்ல மாட்டி போனோட நெட்டையே எடுத்துக்கற யுஎஸ்பி டெதரிங்ல அன்னிக்கு நாள் பூரா ஓட்டுனோம். காலையில 190, சாயங்காலம் 205. ரெண்டு தடவை ஃபார்மேட் பண்ணியும் ஏன் போகலன்னு அப்பதான் புரிஞ்சுது, ரெண்டு தடவையும் அதே சிடியைத்தான் போட்டிருக்காங்க.

நீங்களும் இப்படியே ஒவ்வொண்ணா கழட்டி கண்டுபிடிக்கலாம். டாங்கிள், வெப்கேம், பிரிண்டர், பழைய விபிஎன் புரோகிராம், ஆண்டிவைரஸ் எல்லாமே கெர்னல்ல டிரைவர் போடும். ஒரு நேரத்துல ஒண்ணு மட்டும் எடுங்க, ரீஸ்டார்ட் பண்ணுங்க, நாலு மணி நேரம் ஓட்டி நம்பர் எழுதுங்க, ரெண்டை ஒண்ணா எடுத்தா எதுன்னு தெரியாம போயிரும்.

கண்டுபிடிச்சதும் டிவைஸ் மேனேஜர்ல அந்த சாதனத்தை ரைட் கிளிக் பண்ணி அன்இன்ஸ்டால் குடுங்க, டிரைவர் சாஃப்ட்வேரையும் அழிக்கவான்னு ஒரு டிக் வரும், அதையும் போடுங்க, அது இல்லன்னா பழைய டிரைவரே திரும்ப வந்து உட்காரும். அப்புறம் ரீஸ்டார்ட். விண்டோஸ் அப்டேட் குடுக்கற டிரைவரையோ, சிப் தயாரிக்கறவங்க வெப்சைட்ல இருக்கற புதுசையோ போடுங்க. எங்களுக்கு விண்டோஸே குடுத்த டிரைவர் போதுமா இருந்துச்சு.

பேஜ் ஃபைலை தொடாதீங்க, சி டிரைவை காலி வைங்க

8 ஜிபி இருக்கே, பேஜ் ஃபைல் எதுக்குன்னு சில வீடியோவுல அதை ஆஃப் பண்ண சொல்றாங்க, பண்ணாதீங்க. மேல சொன்ன கமிட்டட் உச்ச அளவு அப்படியே சுருங்கிரும், புரோகிராம்கள் சொல்லாம கொள்ளாம மூடும். அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ் போய் பெர்ஃபார்மன்ஸ் செட்டிங்ஸ், அட்வான்ஸ்டு, வர்ச்சுவல் மெமரியில ஆட்டோமேட்டிக்கா நிர்வகிக்கற டிக் இருக்கணும். சி டிரைவ்ல 2 ஜிபிதான் பாக்கின்னா பேஜ் ஃபைல் வளர இடம் இருக்காது, கல்யாண வீடியோவை எல்லாம் வேற டிரைவுக்கு மாத்துங்க, 15, 20 ஜிபியாவது காலி இருக்கட்டும்.

நெஜமாவே ரேம் பத்தலையான்னு தெரிஞ்சுக்க ரிசோர்ஸ் மானிட்டர் தொறந்து மெமரி பக்கத்துல ஹார்ட் ஃபால்ட்ஸ் பாருங்க. களத்துல இல்லாததை ரூம்ல இருந்து எடுத்துவர்ற எண்ணிக்கை அது. எப்பவாவது எகிறினா பரவாயில்ல, வேலை பார்க்கறப்ப எல்லாம் நூத்துக்கணக்குல விடாம நின்னுச்சு, கூடவே அவைலபிளும் அடிமட்டத்துல இருக்குன்னா ரேம் வாங்கலாம்.

ரேம் கிளீனர், ரேம் பூஸ்டர்னு வர்ற எதையும் போடாதீங்க. அது செய்யற வேலை ஓடற புரோகிராமோட மெமரியை வலுக்கட்டாயமா வெளிய தள்ளறதுதான். நம்பர் குறைஞ்ச மாதிரி தெரியும், அடுத்த நிமிஷமே அதையெல்லாம் திரும்ப கொண்டுவர மெஷின் திணறும். எம்எஸ்கான்ஃபிக்ல பூட் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்ல மேக்ஸிமம் மெமரின்னு ஒரு டிக் இருக்கும், அதை போட்டா ரேம் கூடும்னு பரப்பியிருக்காங்க. அது ரேமை குறைக்கறதுக்கான டிக், யாராவது போட்டிருந்தா எடுத்துருங்க.

ரேம் வாங்கறதா இருந்தா

முதல்ல செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் பாருங்க. 32 பிட் விண்டோஸ்னு இருந்தா வீட்டு பதிப்புகள் 4 ஜிபிக்கு மேல யூஸ் பண்ணாது, எவ்ளோ போட்டாலும் வீண், 64 பிட் ஏத்தணும். போட்டது 8, யூசபிள் 7 சொச்சம்னு இருந்தா அது உள்ளயே இருக்கற கிராஃபிக்ஸ் எடுத்துக்கிட்ட பங்கு. 8 போட்டு 4 மட்டும் காட்டுச்சுன்னா ஒரு ரேம் கம்பி சரியா உட்காரல, இல்ல ஸ்லாட்ல தூசி. நம்ம பக்கம் கோடையில அடிக்கற புழுதிக்கு இது ரொம்ப சகஜம், கரண்ட் பிளக்கை பிடுங்கிட்டு ரேமை எடுத்து கான்டாக்டை பென்சில் ரப்பரால மெதுவா தேச்சு கிளிக் சத்தம் வர்ற மாதிரி திரும்ப அழுத்துங்க.

டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 ஒண்ணுக்கு பதிலா ஒண்ணு உட்காராது, வெட்டு இருக்கற இடமே வேற. லேப்டாப் ரேம் நீளத்துலயே சின்னது. லேப்டாப்ல டிடிஆர்3எல்னு எல் போட்டிருந்தா கவனம், அது 1.35 வோல்ட், சாதா டிடிஆர்3 1.5 வோல்ட். தர்மபுரிக்கோ ஓசூருக்கோ வாங்க போனா பழைய கம்பியை கையோட எடுத்துட்டு போங்க, மாத்திக்கலாம்னு வாய் வார்த்தையா இல்லாம பில்லுல எழுதி வாங்குங்க. மாட்டினதும் விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்னு தேடி ஒரு தடவை ஓட்டிருங்க. பழைய ஹார்ட் டிஸ்க் மெஷினா இருந்தா ரேமுக்கு முன்னாடி அந்த டிஸ்க்கை எஸ்எஸ்டிங்கற வேகமான வகைக்கு மாத்தறதுதான் என் சிபாரிசு, மூட்டை தூக்கற வேலையே பல மடங்கு வேகமாயிரும்.

எல்லாம் பார்த்தும் தீரலைன்னா, அப்ப ஃபார்மேட்

முதல்ல கணக்கு, போட்டோ, சர்டிபிகேட் எல்லாம் வெளி டிரைவ்ல காப்பி. அதை வேற கம்ப்யூட்டர்ல தொறந்து பார்த்து உறுதி பண்ணிக்கங்க. மைக்ரோசாஃப்ட்டோட சொந்த சைட்ல இருந்து மீடியா கிரியேஷன் டூல் எடுத்து பென்டிரைவ்ல போடுங்க, யாரோ மாத்தி வச்ச விண்டோஸ் காப்பி வேண்டாம். விண்டோஸ் 10க்கு வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சிருச்சு, மெஷின் விண்டோஸ் 11 ஏத்துக்குமான்னு இந்த நேரத்துலயே பார்த்துருங்க.

இன்ஸ்டால் முடிஞ்சதும் எந்த சிடியும் போடாதீங்க. விண்டோஸ் தானா குடுத்த டிரைவரோட ரெண்டு நாள் ஓட்டி நான்-பேஜ்டு பூலை எழுதுங்க. நிலையா நின்னுச்சுன்னா பிரிண்டர், அடுத்த நாள் வெப்கேம், அதுக்கடுத்த நாள் மத்ததுன்னு ஒவ்வொண்ணா சேருங்க. அக்கா பையன் அந்த பேப்பரை மானிட்டர் பக்கத்துல ஒட்டி வச்சு தினம் சாயங்காலம் எழுதறான். நேத்து போன்ல கேட்டேன், 215னான். மாமா இப்ப வாராவாரம் ஞாயித்துக்கெழம மண்டி கணக்கை பென்டிரைவ்ல காப்பி எடுத்து பீரோவுல வச்சு பூட்டறாரு.